பையின் வாயைப் பார்த்து வாங்குங்கள்

கைப்பை வாங்கப் போனால் நான் முதலில் பார்ப்பது அதன் வாயை. நிறம், தோல், பக்கிள் எல்லாம் அப்புறம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி ஒரே கையால் திறந்து, உள்ளே கைவிட்டுச் சாவியை எடுக்க முடிகிறதா? அதே கையால் மறுபடி மூட முடிகிறதா? முடிந்தால் மேற்கொண்டு பார்ப்பேன். முடியாவிட்டால் எவ்வளவு அழகான பையானாலும் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.

ஒரு பைக்கு இவ்வளவு யோசனையா என்று சிலர் கேட்பார்கள். வீட்டிலிருந்து கிளம்பித் திரும்பி வரும்வரை நம் உடம்போடு ஒட்டியே இருக்கிற பொருள் அது. செருப்பு வாங்கினால் நாலடி நடந்து பார்க்கிறோம். பையை மட்டும் கொக்கியில் தொங்குகிற கோலத்திலேயே பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறது என்று எடுத்து வந்துவிடுகிறோம். அலுவலகத்துக்கு, பயணத்துக்கு, விழாக்களுக்கு என்று எனக்கும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் தோழிகளுக்கும் பை தேடித் தேடி நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கடைக்குப் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இப்போது வைத்திருக்கும் பையை அப்படியே கட்டில்மேல் கவிழ்த்துக் கொட்ட வேண்டும். அக்கா ஒருமுறை, "இந்தப் பை பத்தவே மாட்டேங்குது, இன்னும் பெரிசா ஒண்ணு பார்த்துக் குடு" என்று கேட்டபோது அவளை இதைத்தான் முதலில் செய்யச் சொன்னேன். பணப்பை, இரண்டு சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடிக் கூடு, மடக்குக் குடை, தண்ணீர் பாட்டில், சார்ஜர், மாத்திரை டப்பா, மூடி தொலைந்த பேனா, கசங்கிய ரசீதுகள், அடியில் கைப்பிடி அளவு சில்லறை. ரசீதையும் சில்லறையையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மீதிக்கு அந்தப் பையே தாராளம். சிக்கல் அளவில் இல்லை. பாட்டிலும் குடையும் நிமிர்ந்து நிற்க இடமில்லாமல் குறுக்கே விழுந்து கிடந்தன. மற்றதெல்லாம் அவற்றுக்கு அடியில் போய்ப் புதைந்துவிட்டது. அவளுக்குத் தேவைப்பட்டது, அந்த இரண்டையும் நிறுத்தி வைக்க உள்ளே ஓரத்தில் உறைகள் தைத்திருக்கும், அதே அளவுள்ள பைதான். அப்படி ஒன்றைத் தேடி வாங்கினோம். அதற்கப்புறம் பை பத்தவில்லை என்ற பேச்சே எழவில்லை.

பை போதவில்லை என்று தோன்றும்போதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. பெரிய பை வாங்கினால் இடம் கூடும், தேடுவதும் கூடும். காலி இடம் இருந்தால் அதை நிரப்ப ஏதாவது வந்து சேர்ந்துகொண்டே இருக்கும்.

கொட்டிய பொருள்களைப் பிரிக்க ஒரு கேள்வி போதும்: போன வாரத்தில் இதை வெளியே எடுத்தேனா? தினமும் எடுப்பவை ஒரு பக்கம். எப்போதாவது எடுத்தாலும் இல்லாமல் முடியாதவை, மாத்திரை, குடை மாதிரி, இன்னொரு பக்கம். மீதி வீட்டில் இருக்கட்டும். இப்போது அந்த இரண்டு குவியலிலும் மடக்க முடியாத பொருள்களில் பெரியது எது என்று பாருங்கள். பையின் அளவை முடிவு செய்யப்போவது அதுதான். ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. நீளம். கோப்போடு சேர்த்து அது கசங்காமல் படுக்கைவாக்கில் உள்ளே போக, பையின் வாய் 32 செ.மீ.யாவது திறக்க வேண்டும். பையின் அகலத்தைச் சொல்லவில்லை, வாயின் அகலத்தைச் சொல்கிறேன். பல பைகளில் ஜிப் இரண்டு ஓரத்திலும் ஒன்றிரண்டு செ.மீ. முன்பே நின்றுவிடும். விலைச் சீட்டில் அச்சிட்டிருப்பதோ பெரும்பாலும் வெளி அளவு. மடிக்கணினி எடுத்துப் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 14 அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. கணினியின் அகலம் 31, 32 செ.மீ. அளவில் இருக்கும். கணினியை அளந்து குறித்துக்கொண்டு, டேப்பையும் கையோடு எடுத்துப் போவது நல்லது.

உங்கள் உடைகளில் பாக்கெட் இருக்கிறதா என்பதையும் இந்தச் சமயத்திலேயே பார்த்துவிடுங்கள். கைப்பை பரவியதற்கே பாக்கெட் போனதுதான் பெரிய காரணம். 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்கள் அகன்ற பாவாடைக்குள் இடுப்பில் நாடாவால் கட்டிய பைகளில் தங்கள் பொருள்களை வைத்திருந்தார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் உடம்போடு ஒட்டி விழும் மெல்லிய கவுன்கள் வந்தன. உள்ளே பை கட்டினால் துருத்திக்கொண்டு தெரியும். பொருள்களெல்லாம் கைக்கு வந்தன; கையில் தொங்கவிடும் சின்னச் சுருக்குப்பை பிரபலமானது. இன்றைக்கும் உடைதான் பையை முடிவு செய்கிறது. ஆழமான பாக்கெட் உள்ளவருக்குச் செல்பேசிக்கென்று பையில் தனி இடம் வேண்டாம். அது இல்லாதவருக்குப் பையின் பின்பக்கத்தில், அதாவது உடம்போடு ஒட்டுகிற பக்கத்தில், செல்பேசிக்கு ஓர் உறை கட்டாயம் வேண்டும். முன்பக்கத்து உறை பார்வைக்கு வசதி மாதிரி இருக்கும். கூட்ட நெரிசலில் அதற்குள் யார் கையும் போகலாம். அதில் கைக்குட்டையோ டிஷ்யூவோ இருக்கட்டும்.

எடை விஷயத்தில் நான் கண்டிப்பானவள். காலிப் பையைச் சுண்டுவிரலில் தூக்கிப் பார்ப்பேன். உள்ளே கசக்கி வைத்த காகிதத்தை எடுத்துவிட்டுத் தூக்க வேண்டும். தடித்த தோல், கனத்த வளையங்கள், சங்கிலிப் பட்டை எல்லாம் சேர்ந்தால் காலிப் பையே ஒரு கிலோவைத் தாண்டிவிடும். தினமும் சுமக்கிற பைக்கு அது அதிகம் என்பது என் முடிவு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதோடு செல்பேசி, சார்ஜர், சாவி, சாப்பாட்டு டப்பா சேர்ந்தால் எல்லாம் ஒரே தோளில்தான் விழும். ஒரு பக்கமே சுமை விழும்போது பட்டை நழுவாமல் இருக்க அந்தத் தோளை நாம் அறியாமலே தூக்கிக்கொள்கிறோம். கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசை நாள் முழுக்க இறுகியே கிடக்கிறது. சாயங்காலம் அங்கே பிடித்துவிடச் சொல்லிக் கேட்கிறவர்கள் முதலில் பையை எடை போட்டுப் பார்க்கட்டும். பையோடு ஒருமுறை, பை இல்லாமல் ஒருமுறை எடை பார்க்கும் கருவியில் ஏறி இறங்கினால் போதும், கணக்கு தெரிந்துவிடும்.

அம்மாவுக்குப் பை வாங்கப் போனதிலிருந்துதான் மூடும் விதத்தைப் பற்றி நான் அதிகம் யோசிக்கத் தொடங்கினேன். அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வலி. கடையில் அவருக்குப் பிடித்திருந்தது கெட்டியான சட்டம் போட்ட பை. முன்னால் தங்க நிறத்தில் திருகி மூடும் பூட்டு. "திறந்து பாருங்கம்மா" என்று கொடுத்தேன். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துத் திருகினார். வழுக்கியது. மறுபடி திருகினார். பிறகு பையைத் தடவிக் கொடுத்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு, என் விரல் கேக்காதுடி" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு பையையும் அவரே திறந்து மூடிப் பார்த்தார். காந்தப் பொத்தான் வைத்த பை மூடுவதற்கு எளிது. ஆனால் சிலவற்றில் காந்தம் பலமாக இருந்ததால் பிரிப்பதற்கு இரண்டு கை தேவைப்பட்டது. கடைசியில் எடுத்தது அகன்ற வாயுள்ள ஜிப் பை. ஜிப்பின் இழுப்பு சின்னதாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் விரல் நீளத்துக்கு ஒரு தோல் துண்டை அதில் கோத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். இப்போது பிடித்து இழுக்க வேண்டியதுகூட இல்லை. விரலை மாட்டி நகர்த்தினால் போதும்.

காந்தம் பற்றி இன்னொன்று. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் பலமான காந்தம் உள்ள பொருள்களைக் கருவியிலிருந்து சுமார் 15 செ.மீ. தள்ளி வைத்துக்கொள்வது நல்லது என்பது மருத்துவ அறிவுரை. காந்தம் வைத்த சின்னப் பையை மார்போடு அணைத்துப் பிடிக்கிற பழக்கம் இருந்தால் அவர்கள் ஜிப் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். தங்கும் விடுதிகளில் தரும் காந்தப் பட்டை அறைச் சாவி அட்டையும் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தால் வேலை செய்யாமல் போகலாம்.

இனி பட்டை. 1955 பிப்ரவரியில் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கோகோ சானெல் கொண்டுவந்த 2.55 பைக்கு அந்த மாதமும் ஆண்டும்தான் பெயர். நாகரிகமான பெண்களின் பை என்றால் கையில் பிடித்திருப்பதுதான் என்றிருந்த காலத்தில், தோளில் மாட்டும் சங்கிலியோடு அது வந்தது. இரண்டு கையும் காலியாக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, குழந்தையையோ காய்கறிப் பையையோ தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த விடுதலையைத் தருவது பட்டை. அதை அளந்து வாங்க வேண்டும்.

பட்டையின் உச்சியிலிருந்து பையின் வாய்வரை எவ்வளவு தொங்குகிறது என்பதுதான் அளவு. தோளில் மாட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொள்ளும் பைக்கு 23 முதல் 28 செ.மீ. வரை தொங்கினால் பலருக்குச் சரியாக இருக்கும். தடித்த மேல்கோட்டு போடுகிறவர்கள் இன்னும் நாலைந்து செ.மீ. சேர்த்துக்கொள்ள வேண்டும்; இல்லையென்றால் பை தோளில் ஏறவே ஏறாது. குறுக்கே போடும் ஸ்லிங் பைக்கு 50 முதல் 60 செ.மீ. இது உயரத்தைப் பொறுத்து மாறும் என்பதால் நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற பட்டையாகப் பார்த்து வாங்குவது உத்தமம். ஆனால் அந்தப் பட்டையை முழுக்கச் சுருக்கினாலும் உங்களுக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே பாருங்கள். உயரம் குறைவான என் தோழி ஒருத்திக்குப் பல ஸ்லிங் பைகள் கடைசித் துளையில் போட்டாலும் தொடையில்தான் மோதும். நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் அது தட்டிக்கொண்டே வரும். பட்டையின் அகலம் 2 செ.மீ.க்குக் கீழே இருந்தால் லேசான பொருள்களுக்கு மட்டும்தான் அது உதவும். மூன்று, நான்கு செ.மீ. இருந்தால் தோளில் பதியாது. சங்கிலிப் பட்டை வேண்டுமென்றால் தோளில் படும் இடத்திலாவது தோல் துண்டு வைத்துத் தைத்ததைத் தேடுங்கள். தோள் சரிவாக இருப்பவர்கள், வழுக்குகிற துணியில் உடுத்துகிறவர்கள், கூட்டத்தில் பயணம் செய்கிறவர்கள் எல்லோருக்கும் குறுக்கே போடும் பை நல்லது. அதிலும் தோளை மாற்றி மாற்றிப் போட மறக்காதீர்கள்.

பை எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பைகளைத் தைத்துக் கொடுக்கும் ஒரு பெரியவர். அவர் மேசையருகே உட்கார்ந்து வேலை முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். அங்கே வருகிற பைகளைக் கவனித்தால் ஒன்று புரியும். உடல் கிழிந்து வருவது அரிது. "பை எங்கம்மா கிழியுது, பட்டை பிடுங்கிட்டு வரும், இல்லேன்னா ஜிப்பு வாயப் பொளந்துட்டு வரும்" என்பார். பட்டை பையோடு சேருகிற இடத்தை அவர் இரண்டு கட்டைவிரலாலும் மடக்கிக் காட்டுவார். ஒற்றை வரிசைத் தையல் மட்டும் போட்டிருந்தால் மொத்தச் சுமையும் அந்த ஒரு வரியில் தொங்கும். ஒரு தையல் விட்டால் அடுத்தடுத்து எல்லாம் விடும். நல்ல பையில் அந்த இடத்தில் சதுரமாகத் தைத்து அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி போட்டிருப்பார்கள், அல்லது தையலோடு ரிவெட்டும் அடித்திருப்பார்கள். பையைத் திருப்பி உள்பக்கமும் பார்க்க வேண்டும். பட்டை அடிக்கிற இடத்தில் உள்ளே ஒரு தாங்குதுண்டு வைத்திருந்தால் துணி இழுபட்டுக் கிழியாது. வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உள்ளே அந்தத் துண்டு இல்லை என்றால் அது கொஞ்ச நாள் பைதான்.

வளையமும் அப்படியே. கம்பியை வளைத்து விட்ட வளையத்தில் இரு முனையும் சேருகிற இடத்தில் மெல்லிய பிளவு தெரியும். கனம் ஏற ஏற அந்தப் பிளவு விரியும். ஒருநாள் பட்டை நழுவி வெளியே வந்துவிடும். பற்றவைத்த வளையத்திலோ வார்ப்பு வளையத்திலோ அந்தப் பிளவு இருக்காது. நகத்தால் வளையத்தைச் சுற்றித் தடவினால் தெரிந்துவிடும், நொடி வேலை. கொக்கிகளில் வார்ப்புத் துத்தநாகக் கலவைதான் அதிகம் கிடைக்கிறது. பித்தளையும் துருப்பிடிக்காத எஃகும் அதைவிட உறுதி, கொஞ்சம் கனம்.

ஜிப்பைப் பற்றிப் பெரியவர் சொன்னது எனக்கு மிகவும் பயன்பட்டது. பற்களைச் சேர்த்தும் பிரித்தும் ஓடுகிற ரன்னரின் பின்பக்கத்தில் பல சமயம் 3, 5, 8, 10 என்று ஓர் எண் இருக்கும். மூடிய பற்களின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர். உள்ளறைக்கு 3 போதும். தினமும் திறந்து மூடும் முதன்மை வாய்க்கு 5-க்குக் கீழே இருந்தால் நான் தயங்குவேன். நைலான் சுருள் ஜிப் வளைவுகளில் அழகாகத் திரும்பும், கையைக் கீறாது. உலோக ஜிப் பார்க்கக் கம்பீரம். ஆனால் வாய் குறுகலாக இருந்தால் புறங்கையைச் சுரண்டும். ஒய்.கே.கே. என்ற எழுத்துகளைப் பல பைகளில் பார்த்திருப்பீர்கள். 1934-இல் டோக்கியோவில் தொடங்கிய ஜப்பானிய நிறுவனம் அது. ஜிப்புக்குப் பேர் போனது. ஜிப் மூடியபின் பின்னால் பிளந்துகொண்டே வந்தால் பெரும்பாலும் பற்கள் கெட்டிருக்காது, ரன்னர் தளர்ந்திருக்கும். ரன்னரை மட்டும் மாற்றினால் போதும். குறட்டால் அழுத்திக் கொடுத்தால் தற்காலிகமாக ஓடும். அதற்காக நல்ல பையைத் தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

பை எதனால் ஆனது என்பதில்தான் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தோல் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே தோல் அல்ல. விலங்கின் தோலில் மேலடுக்கு நெருக்கமான நார்களால் ஆனது, அதுதான் உறுதி. அதன் இயற்கையான முகத்தை இழைக்காமல் விட்டால் ஃபுல் கிரெயின். லேசாக இழைத்துச் சீராக்கினால் டாப் கிரெயின். கீழடுக்கைப் பிரித்தெடுத்தால் ஸ்ப்ளிட். அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சு பூசி மேலடுக்குப் போலவே அச்சுப் பதித்து விற்பதும் உண்டு. தோல் தூளையும் துணுக்குகளையும் பசையோடு சேர்த்து அழுத்தினால் பாண்டட் லெதர். அது பெயரளவில்தான் தோல். 'ஜெனுவின் லெதர்' என்ற முத்திரை இருந்தால் உள்ளே உண்மையான தோல் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். தரம் உயர்ந்தது என்று அர்த்தமல்ல. விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல தோலில் அழுத்திய இடத்தைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் ஓடி, எடுத்ததும் மறையும். வெட்டிய விளிம்பு எங்கேயாவது தெரிந்தால் அதில் நார் நாராக இருக்க வேண்டும். துணிமேல் ஒட்டிய படலம் தெரிந்தால் அது ரெக்சின். வாசனையை நம்பாதீர்கள், அதையும் ஏற்றிவிடுகிறார்கள்.

ரெக்சின் வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எடை குறைவு, நிறங்கள் ஏராளம், விலங்குத் தோல் வேண்டாம் என்பவர்களுக்கும் ஏற்றது. ஆனால் அதன் ஆயுள் எப்படி முடியும் என்று தெரிந்து வாங்க வேண்டும். இப்போது வருகிறவற்றில் பெரும்பாலானவற்றின் மேலே இருப்பது பாலியூரித்தேன் படலம். காற்றிலிருக்கும் ஈரம் அந்தப் படலத்தின் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல உடைக்கிறது. சில வருடங்களில் அது செதில் செதிலாக உரியத் தொடங்கும். பயன்படுத்தினாலும் உரியும், அலமாரியில் பூட்டி வைத்தாலும் உரியும்! விசேஷத்துக்கென்று பத்திரப்படுத்திய பை எடுத்துப் பார்க்கும்போது பொடிப் பொடியாக உதிர்வது இதனால்தான். உரிந்த படலத்தை ஒட்டவைக்க வழியில்லை. அதனால் ரெக்சின் பை வாங்கினால் ஆசை தீரப் பயன்படுத்துங்கள், சேமித்து வைக்காதீர்கள். ஈரப்பதம் அதிகமுள்ள இடத்தில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன்.

மழையிலும் வெயிலிலும் ஓடியாடி வேலை செய்கிறவர்களுக்கு என் பரிந்துரை நைலான். 1935-இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு உருவாக்கிய இழை அது. லேசு, சீக்கிரம் காயும், தேய்மானத்தைத் தாங்கும். சீட்டில் 210 டெனியர், 420 டெனியர், 1680 டெனியர் என்று போட்டிருக்கும். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுதான் டெனியர். எண் கூடினால் நூல் தடிமன். மடித்துவைக்கும் பைக்கு 210 சரி. கணினி சுமக்கிற பைக்கு 420-ஆவது வேண்டும் என்பது என் எண்ணம். கேன்வாஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை: உழைக்கும், துவைக்கலாம், நனைந்தால் தண்ணீர் உள்ளே வரும்.

சரி, ரசனைக்கு வருவோம். தேவை முதலில், ரசனை பிறகு என்று நான் இதைக் கடைசியில் சொல்லவில்லை. பிடிக்காத பை எவ்வளவு வசதியானாலும் வீட்டிலேயே தங்கிவிடும். கையில் எடுத்ததும் மனசுக்கு ஒரு சந்தோஷம் வர வேண்டும். அந்தச் சந்தோஷம் நாளைக்கும் வருமா என்று தெரிந்துகொள்ள நான் அலமாரியைத் திறந்து பார்ப்பேன். விரும்பி உடுத்தி வெளுத்துப்போனவை என்ன நிறம், என்ன மாதிரி? நம் பாணி அதில்தான் இருக்கிறது. ஆசைப்பட்டு வாங்கி மடிப்புக் கலையாமல் கிடப்பவற்றில் இல்லை. பூவேலை, கட்டம், பளிச்சென்ற நிறம் என்று உடுத்துகிறவர்களுக்கு ஒற்றை நிறத்தில், கோடு சுத்தமான பை எடுத்துக்காட்டும். எளிமையாக ஒரே நிறத்தில் உடுத்துகிறவர்கள் பையில் தாராளமாக விளையாடலாம். எல்லாவற்றுக்கும் கறுப்புதான் பொருந்தும் என்று சொல்லிச் சொல்லி எல்லோரும் கறுப்பே வாங்குகிறார்கள். அடர் பழுப்பு, மெரூன், ஆலிவ் பச்சை, கருநீலம் ஆகியவையும் அதே அளவுக்கு எதனோடும் சேரும்; முகத்துக்கும் ஒரு மலர்ச்சி தரும். வெளிர் நிறம் விரும்புகிறவர்கள் ஜீன்ஸ் அணிபவர்களாக இருந்தால் கவனம். புது ஜீன்ஸின் நீலச் சாயம் பையின் பின்பக்கத்தில் ஏறிவிட்டால் போகவே போகாது.

பையின் அடிவிளிம்பு உடம்பில் எங்கே வந்து முடிகிறதோ அங்கேதான் பார்ப்பவர் கண் நிற்கும். இடுப்பில் முடிந்தால் இடுப்பு, தொடையில் முடிந்தால் தொடை. முழு உருவமும் தெரியும் கண்ணாடி முன்னால் பட்டையை ஏற்றி இறக்கிப் பாருங்கள். அதே பை இரண்டு அங்குலம் மேலே ஏறினால் வேறு பையாகத் தெரியும். உடல்வாகுக்கு இந்த வடிவம்தான் என்று விதி வைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. சின்ன உருவம் கொண்டவர் பெரிய பையை ஆசையாகப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்தால் அது அவருக்கு அழகாகவே இருக்கிறது.

உலகத்திலேயே பெரிதும் பேசப்படும் பைகளில் ஒன்று, பொருள்கள் உள்ளே பத்தாததால் உருவானது. நடிகை ஜேன் பர்கின் விமானத்தில், தோல் பைகளுக்குப் பேர்போன பிரெஞ்சு நிறுவனமான எர்மேஸின் தலைவர் ழான் லூயி துமாவுக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. தாய்மாருக்கு ஏற்ற பெரிய பையே கிடைப்பதில்லை என்று அவரிடம் சொன்னார். 1984-இல் பர்கின் பெயரிலேயே அந்தப் பை வந்தது. பர்கின் பயன்படுத்திய முதல் பையில் கழற்ற முடியாத தோள்பட்டையும் இருந்தது. உள்ளே நகவெட்டி ஒன்றையும் தொங்கவிட்டிருந்தார். தான் ஆதரித்த அமைப்புகளின் ஸ்டிக்கர்களை மேலே ஒட்டியிருந்தார். 2025 ஜூலையில் அது பாரிஸில் 86 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அதைத் தொடப் பயந்து உறைக்குள் வைத்தவரல்ல அவர். திணித்து, ஒட்டி, தேய்த்துத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டவர். எனக்கு அந்தப் பைமேல் மரியாதை இருப்பது அதற்காகத்தான்.

உள்துணியின் நிறத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கறுப்பு உள்துணிக்குள் கறுப்புச் செல்பேசியும் கறுப்புப் பணப்பையும் போனால் மங்கலான வெளிச்சத்தில் கையால் துழாவத்தான் வேண்டும். வெளிர் நிறமோ பளிச்சென்ற நிறமோ உள்ளே இருந்தால் பார்த்ததும் தெரியும். அழுக்குத் தெரியுமே என்பார்கள். தெரிந்தால்தானே துடைப்போம்! உறைகள் நிறைய இருந்தால் நல்லது என்றும் இல்லை. ஜிப் போட்ட ஒன்று, திறந்த இரண்டு, சாவிக்கு ஒரு கொக்கி. இதற்கு மேல் போனால் எதை எதில் வைத்தோம் என்பதே மறந்துவிடும். உறையே இல்லாத, வாய் அகன்ற டோட் பை பிடித்திருந்தால் சின்னச் சின்னப் பைகளை நீங்களே உள்ளே போட்டுக்கொள்ளலாம். பை மாற்றும்போது அவற்றை அப்படியே எடுத்து அடுத்ததில் வைத்துவிடவும் முடியும்.

பராமரிப்பு சுருக்கம்தான். தோல் பையைப் பிளாஸ்டிக் கவரில் மூடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியில் வையுங்கள். வடிவம் கெடாமல் உள்ளே காகிதம் அடைத்து, பட்டையில் தொங்கவிடாமல் நிறுத்தி வையுங்கள். நனைந்தால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள்; ஹீட்டர், வெயில் பக்கம் கொண்டுபோனால் தோல் விறைத்துவிடும். மரப்பட்டைச் சாற்றால் பதனிட்ட தோலில் தண்ணீர்த் துளி கறை விடும், ஆனால் வருடங்கள் போகப் போக நிறம் ஆழ்ந்து அழகாகும்.

கடைக்குப் போகும்போது உங்கள் பொருள்களை ஒரு துணிப்பையில் எடுத்துப் போங்கள். விற்பனையாளரிடம் கேட்டுவிட்டு, பிடித்த பையில் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். நான் கேட்டு யாரும் மறுத்ததில்லை. நிரப்பிய பை தரையில் வைத்தால் நிற்கிறதா, சாய்ந்து கொட்டுகிறதா? குனிந்தால் முன்னால் வந்து விழுகிறதா? கைப்பிடி இரண்டாக இருந்தால் ஒன்று தோளில் நிற்க மற்றது நழுவுகிறதா? நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துத் திறந்து பாருங்கள், நின்றபடி திறந்து பாருங்கள். இணையத்தில் வாங்கினால் பை வந்ததும் சீட்டைக் கிழிக்காமல் வீட்டுக்குள்ளேயே இதைச் செய்துவிட்டு, சரிப்படவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். நடந்து, குனிந்து, உட்கார்ந்து, திறந்து மூடிப் பார்த்த பிறகு கண்ணாடி முன் நின்று பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.